ஊரின் ஆதரவோடு இளைஞர் திட்டம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பொலிஸ் நிலையங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பொலிஸ் நிலையத்தின் சமூகப் பொலிஸ் பிரிவுக்குப் புதிதாக வரும் உத்தியோகத்தரிடம் "இந்தப் பகுதிப் பொடியன்மாருக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பொறுப்பதிகாரி சொன்னதும், அவர் பெரும்பாலும் முதலில் செய்வது பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுவதுதான். கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் போடப்படும், முன்வரிசையில் சீருடைகள் அமரும், திட்டம் விளக்கப்படும், "எல்லாரும் ஆதரவு தருவீங்கதானே?" என்று கேட்கப்படும். "ஓம் சேர்" என்று பதில் வரும். சில வாரங்களில் மைதானத்தில் கரப்பந்தாட்ட வலை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

சீருடை அணிந்தவர் கேட்டால் எங்கள் ஊர்களில் யாரும் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்வதில்லை. எனவே இங்கே தரப்படும் படிகள் யாவும், மறுப்பதற்கு இடம் கொடுத்த பின்னரும் மக்கள் சம்மதிக்கிறார்களா என்பதை அறிவதற்காகவே இந்த ஒழுங்கில் அமைக்கப்பட்டுள்ளன. பொலிஸும் ஊராரும் சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுவின் செயலாளராக இருந்து, ஒருவர் பின் ஒருவராக வந்த உத்தியோகத்தர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். படிகளில் சிலவற்றைச் சுருக்கலாம். ஒழுங்கை மாற்றுவது நல்லதல்ல.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பொறுப்பதிகாரியின் எழுத்துமூல அனுமதி முதலாவது தேவை. பொலிஸ் சேவையில் இடமாற்றம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதாலும், முந்தியவர் வாயால் கொடுத்த சம்மதம் அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை என்பதாலும், வாய்ச் சம்மதத்தை நம்பித் தொடங்கக்கூடாது. கடிதத்தில் நோக்கம், பொறுப்பான உத்தியோகத்தர், அவருடைய பதிலாள், வாரத்தில் இதற்கென ஒதுக்கப்படும் மணித்தியாலங்கள் ஆகிய நான்கும் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடமைப் பட்டியலில் நேரம் ஒதுக்கப்படாத வேலை முதலாவது திருவிழாக் கடமையோடு நின்றுவிடும்.

தமிழில் சரளமாகப் பேசும் உத்தியோகத்தர் ஒருவரும் பெண் உத்தியோகத்தர் ஒருவரும் தொடக்கம் முதலே குழுவில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் நிலையத்தில் இல்லையெனில் அயல் நிலையத்திலிருந்து பெற்றுக்கொள்வதற்கு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஊடாகக் கேளுங்கள். கூட்டத்துக்கு வந்த பிள்ளையொன்றை மொழிபெயர்க்க விடுவது நடக்கக்கூடாத காரியம்; பெரியவர்கள் பொலிஸிடம் சொல்வதைப் பிள்ளையின் வாயால் சொல்லவைத்தால், அவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

ஆரம்ப விழாவுக்கு நாள் குறிக்காதீர்கள். நாள் குறித்துவிட்டால், அதன் பிறகு நடக்கும் சந்திப்புகள் யாவும் கேட்பதற்கான சந்திப்புகளாக இல்லாமல் அறிவிப்பதற்கான சந்திப்புகளாக மாறிவிடும்.

2. எல்லைகளை ஒரு தாளில் வரைந்துகொள்ளுதல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறை மாவட்டத்தில் 20 பிரிவுகளும் உள்ளன. பொலிஸ் பிரிவின் எல்லை இவற்றோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. கல்வி வலயத்தின் எல்லையோ இரண்டோடும் ஒத்துப்போவதில்லை. வாழைச்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் மைதானத்தைக் கேட்பதானால் கல்குடா வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், பக்கத்திலேயே உள்ள ஓட்டமாவடிப் பாடசாலையின் மைதானத்தைக் கேட்பதானால் மட்டக்களப்பு மத்தி வலயத்துக்கும் எழுத வேண்டும். மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று துண்டு துண்டாகக் கிடப்பது. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் திரும்பி வருவதற்குள் ஒரு பாடசாலைத் தவணை முடிந்துவிடும்.

ஆகையால் ஒரு தாளில், தெரிவுசெய்த கிராம உத்தியோகத்தர் பிரிவு, அதன் பிரதேச செயலகம், கல்வி வலயம், உள்ளூராட்சி சபை, மைதானம் யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் மூன்று பேரைக் குறித்துக்கொள்ள வேண்டும்: தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் சேவை உத்தியோகத்தர், விளையாட்டு உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். முதலாமவரிடம் உங்கள் பகுதியில் பதிவான இளைஞர் கழகங்களின் விபரம் இருக்கும். இயங்குகின்ற கழகம் ஒன்று ஏற்கெனவே இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்கத் தேவையில்லை. தொடங்கினால் முதலாவது எதிர்ப்பு அந்தக் கழகத்திலிருந்துதான் வரும்.

3. எந்த மாதத்தில் தொடங்குவது

கார்த்திகை, மார்கழியில் மைதானம் வெள்ளத்தில் கிடக்கும். பெரும்போக விதைப்பின் போதும் அறுவடையின் போதும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை இளைஞர்களில் பலர் வயலில் இருப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தமும் வரும். முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதமும் எந்த மாதமானாலும் வெள்ளிக்கிழமை நண்பகலும் ஒதுக்கப்பட வேண்டியவை. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளை அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிடக் கண்ணில் படாமல் தப்பிவிடுவது ரியூசன் நேர அட்டவணை. பின்நேரம் 3 மணி முதல் 6 மணி வரை பிள்ளைகளின் நேரம் பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. அவர்களிடம் முன்கூட்டியே பேசி ஒரு பின்நேரத்தை விடுவித்துக்கொள்ளாத திட்டத்துக்குப் பெற்றோர் ஒருபோதும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் போன்ற பிரிவுகளின் உட்பகுதிகளில் நிகழ்ச்சி இருட்டுமுன் முடிய வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பாதையில் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பும்படி எந்தத் தாயிடமும் கேட்க முடியாது.

4. தனித்தனியாகச் சந்தித்தல்

வழிகாட்டியின் அரைவாசி வேலை இந்தப் படியில்தான். பொதுக்கூட்டத்தில் சொல்ல முடியாததை மக்கள் சொல்லக்கூடிய இடம் அவர்களுடைய வீட்டுத் திண்ணை அல்லது கடை வாசல். பொறுப்பதிகாரியின் அனுமதியோடு சிவில் உடையில், இருவருக்கு மேற்படாமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். பொலிஸ் ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தினால், நீங்கள் போன பிறகு அயலவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே அந்த வீட்டாரின் கிழமை கழிந்துவிடும்.

ஒழுங்கு முக்கியமானது. முதலில் கிராம உத்தியோகத்தர். அவரைத் தாண்டிப் போனால் பிறகு ஒவ்வொரு கடிதமும் தாமதமாகும். அடுத்து கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், தேவாலயம் இருந்தால் அதன் போதகர் ஆகியோரை ஒரே கிழமைக்குள் சந்தியுங்கள். இருவருக்கிடையே பத்து நாள் இடைவெளி விட்டால், பின்னால் சந்திக்கப்பட்டவர் "அவங்களோட பேசி முடிச்சிட்டுத்தான் எங்களிட்ட வந்திருக்கீங்க" என்று சொல்லாமல் மனதில் வைத்துக்கொள்வார். அதன் பின் பாடசாலை அதிபர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, கரையோரமானால் மீனவர் கூட்டுறவுச் சங்கம், உட்பகுதியானால் கமக்காரர் அமைப்பு.

மாதர் சங்கத்தைக் கடைசியாக வைக்கும் பழக்கம் இருக்கிறது. பிள்ளையை அனுப்புவதா இல்லையா என்று தீர்மானிப்பவர் பல வீடுகளில் தாய். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்தால் அம்மம்மா. இவர்களை அடையும் வழி மாதர் சங்கம் என்பதால், அந்தச் சந்திப்பைப் பெண் உத்தியோகத்தரே முன்னின்று நடத்த வேண்டும்.

ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று கேள்விகள் போதும்: இங்கே பிள்ளைகள் பின்நேரத்தில் எங்கே நிற்கிறார்கள்? முன்பு இப்படியொரு முயற்சி நடந்ததா, ஏன் நின்றது? பொலிஸ் இதில் இருப்பது உதவியா, இடைஞ்சலா? மூன்றாவது கேள்விக்கு முதல் சந்திப்பில் "உதவிதான் சேர்" என்பார்கள். பதிலை எழுதிக்கொண்டு, ஒரு கிழமை கழித்து, உங்களுக்குப் பதிலாகக் கிராம உத்தியோகத்தரோ இளைஞர் சேவை உத்தியோகத்தரோ அதே கேள்வியைக் கேட்கட்டும். இரண்டு பதில்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் அளவு.

5. இளைஞர்களிடமே கேட்டல்

பாடசாலை அதிபர் தரும் பட்டியலில் பாடசாலைக்குப் போகிறவர்கள்தான் இருப்பார்கள். இடைவிலகியவர்களும் வேலை தேடி அலைகிறவர்களும் சலூனிலும், ஓட்டோத் தரிப்பிடத்திலும், மோட்டார் சைக்கிள் கராஜிலும், கரம் போட் வைத்திருக்கும் கடையிலும் இருப்பார்கள். அங்கே நேரடியாகப் போய் நிற்காதீர்கள். உங்களைக் கண்டதும் இடம் காலியாகிவிடும். அந்த வயதை இப்போதுதான் கடந்த, அவர்கள் மதிக்கின்ற ஒருவரை, உதாரணமாக ஒரு பழைய உதைபந்தாட்ட வீரரை, இளைஞர் சேவை உத்தியோகத்தர் ஊடாகக் கண்டுபிடித்து அவர் வழியாக ஐந்தாறு பேர் கொண்ட சிறு வட்டமாகப் பேசுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேட்க வேண்டும். கலந்து உட்காரவைத்தால் கரப்பந்தாட்டம் வேண்டும் என்று பொடியன்மார் சொல்வது மட்டுமே உங்கள் கொப்பியில் பதிவாகும்.

விளையாட்டுத்தான் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்யாதீர்கள். மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குத் தமிழில் ஒரு ஆயத்த வகுப்பு வேண்டும் என்ற கோரிக்கை எதிர்பாராத அளவுக்கு வரும். போக்குவரத்துப் பிரிவு உத்தியோகத்தர் ஒருவரால் செலவின்றிக் கொடுக்கக்கூடியது அது. ஆனால் வகுப்புக்கு வருகிறவருக்குத் தண்டப்பத்திரத்தில் சலுகை உண்டு என்ற எண்ணம் ஒரு துளியும் உருவாக இடம் கொடுக்கக்கூடாது. அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

6. பெயரும் ஒரு பக்கத் திட்டமும்

திட்டத்தின் பெயரில் பொலிஸ் என்ற சொல்லும் போதை என்ற சொல்லும் வேண்டாம். போதைப்பொருள் தடுப்பு என்று பெரிய எழுத்தில் பதாகை கட்டிவிட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று கவலைப்படும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தாய் ஒருத்தியின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும்: மகன் அந்தப் பதாகையின் கீழே நிற்பதைக் கண்டால் ஊர் கேட்கப்போவது "இவன் என்ன செய்தவன்?" என்பதுதான். மகளாக இருந்தால் அந்தக் கேள்வி கலியாணப் பேச்சு வரைக்கும் போகும். ஐஸ், கஞ்சா பற்றிய அக்கறையே உங்களை இந்த வேலைக்குத் தூண்டியிருந்தாலும், அது உங்கள் கோப்பில் இருக்கட்டும். பதாகையில் மைதானத்தின் பெயரோ கழகத்தின் பெயரோ இருந்தால் போதும்.

திட்டத்தை ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதுங்கள்: என்ன, எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், யார் பொறுப்பு, என்னென்ன பொருட்கள் தேவை, எதற்குப் பொலிஸ் பொறுப்பில்லை. முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு நடவடிக்கை போதும். தமிழ், முஸ்லிம் கிராமங்கள் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் அணிகளை ஊருக்கு ஊராகப் பிரிக்காமல் கலந்து பிரியுங்கள். ஊருக்கு ஊர் அணி கட்டிய சுற்றுப்போட்டியில் பின்நேரம் நடுவரோடு ஏற்பட்ட வாக்குவாதம் இரவில் உங்கள் நிலையத்துக்கே முறைப்பாடாக வந்து சேரும்.

7. பொதுக்கூட்டம்

இப்போதுதான் கூட்டம். அதைக் கிராம உத்தியோகத்தரோ கழகத் தலைவரோ தலைமை தாங்கி நடத்தட்டும். பொலிஸுக்குப் பத்து நிமிடப் பேச்சு. கதிரைகளை வட்டமாகப் போட்டு உத்தியோகத்தர்கள் கலந்து உட்கார வேண்டும். ஒரு பக்கத் திட்டத்தின் பிரதியை மூன்று நாளைக்கு முன்பே வீடுகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அங்கே கையுயர்த்தி ஆதரவு கேட்காதீர்கள். விரும்புகிறவர்கள் தங்களால் எதைச் செய்ய முடியும் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு கிழமைக்குள் மாதர் சங்கத்திலோ கழகத்திலோ கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்துவிடுங்கள். எழுதாதவர் யாரென்று பொலிஸுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரும் தாள்கள் குறைவாக இருக்கும். ஆனால் அவற்றில் எழுதியிருப்பது நடக்கும்: ஒருவர் கிழமைக்கு ஒருநாள் மைதானத்துக்குத் தண்ணீர்ப் போத்தல்களை அனுப்புவார், ஒருவர் வலையைத் தைத்துக் கொடுப்பார், ஒரு ஓட்டோக்காரர் பெண் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிடுவார். தாள்களே வராவிட்டால் திட்டத்தைத் தள்ளிவைத்து நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

8. பணமும் பொருளும்

பொலிஸ் உத்தியோகத்தர் எவரும் இத்திட்டத்துக்காக ஒரு ரூபாயையும் கையால் தொடக்கூடாது. நல்ல நோக்கத்துக்காகக் கடை கடையாகப் போய்ச் சேர்த்த பணமும், சேர்த்தவர் சீருடையில் இருந்தால், கொடுத்தவரின் வாயில் வேறு பெயர் பெறும். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் விளக்கம் கொடுக்க வேண்டிய நிலையும் வரலாம். அதனால் நிதி கேட்டு நிலையத்தின் கடிதத் தலைப்பில் எழுதுவதும், பற்றுச்சீட்டுப் புத்தகத்தை கான்ஸ்டபிள் ஒருவரிடம் கொடுத்து அனுப்புவதும் கூடாது.

பணம் வருவதானால் பதிவுசெய்யப்பட்ட கழகத்தின் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். இருவர் கையெழுத்திட்டே எடுக்க வேண்டும். அந்த இருவரில் பொலிஸார் இருக்கக்கூடாது. தொடரிலக்கம் அச்சிட்ட பற்றுச்சீட்டு, வரவு செலவுக் கொப்பி, மாதத்துக்கொருமுறை கழகச் சுவரில் ஒட்டப்படும் கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால் பேச்சு வராது. இயன்றவரை பணமாக வாங்காமல் பொருளாக வாங்குவது நல்லது. இரண்டு பந்தும் ஒரு வலையும் என்று கேட்டால் அரிசி ஆலை முதலாளிக்கும் எளிது, ஊருக்கும் கண்ணால் காண முடியும்.

யாரிடம் வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒருவரின் நன்கொடையைக் கழகம் ஏற்குமுன், அவருக்கு நிலையத்தில் முறைப்பாடோ வழக்கோ நிலுவையில் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டும். மணல் ஏற்றும் டிப்பர் உரிமையாளர் ஒருவர் ஜேர்சி முழுவதையும் தானே தருவதாக வந்தால், அவருடைய வாகனம் எத்தனை தடவை உங்கள் வீதித்தடையில் நிறுத்தப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்த பிறகே கழகம் பதில் சொல்லட்டும். பதிவேட்டில் உள்ளதைக் கழகத்திடம் சொல்லத் தேவையில்லை. "இவரிடம் இப்போது வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதும். ஒலிபெருக்கி அனுமதி கேட்டு விண்ணப்பித்து நிற்பவரிடமும் அந்த நாட்களில் வாங்கக்கூடாது.

மதுபான, சிகரெட் நிறுவனங்களின் அனுசரணையை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அரசியல்வாதிகளின் நன்கொடை பற்றிச் சட்டம் பார்க்க வேண்டியதில்லை. ஜேர்சியின் முதுகில் அவருடைய படம் வந்த நாளிலேயே மற்றக் கட்சி வீட்டுப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

9. வரவுப் பதிவு, படம், காதில் விழும் செய்தி

வரவுக் கொப்பி கழகத்தில் இருக்கட்டும். அதில் பெயரும் பாதுகாவலரின் தொலைபேசி எண்ணும் போதும். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். சுற்றிவளைப்புகளையும் பதிவுகளையும் கண்ட தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். பொலிஸ் கையில் பெயர்ப்பட்டியல் போகிறது என்று தெரிந்தால் வீட்டில் உள்ள பெரியவர்கள் அன்றே மறித்துவிடுவார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாதுகாவலரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவர் கையெழுத்திடலாம்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நிலையத்தின் முகநூல் பக்கத்தில் போட வேண்டாம். மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பப் படம் தேவையென்றால் மைதானத்தையும் முதுகுப் பக்கத்தையும் எடுங்கள்.

திட்டத்துக்கு வரும் உத்தியோகத்தர் அங்கே புலனாய்வு செய்யக்கூடாது. ஒரு பொடியனிடம் "உனக்கு இதை யார் தந்தது?" என்று மைதானத்தில் வைத்து ஒருமுறை கேட்டால் அத்தோடு திட்டம் முடிந்தது. அதேவேளை, குற்றம் ஒன்று தன் காதுக்கு எட்டினால் அதைக் கேளாதது போல இருக்க உத்தியோகத்தரால் முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதற்குச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் போன்ற பொலிஸ் அல்லாத ஒருவர் மாதத்தில் இரண்டு தடவையாவது அங்கே இருக்க வேண்டும். சிறுவர்களுக்கான 1929, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய தொலைபேசி எண்களைக் கழகச் சுவரில் எழுதிவையுங்கள்.

10. முதல் மூன்று மாதமும் இடமாற்றமும்

முதல் மாதம் உத்தியோகத்தர் நிகழ்ச்சி நடக்கும் ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வர வேண்டும். இரண்டாம் மாதம் இடையிடையே ஒருநாள் வராமல் இருந்து, அன்றைக்கு நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் அது இன்னும் உங்கள் திட்டம், ஊருடையதல்ல. பயிற்றுநர், சாவி, நேரம் ஆகியவற்றில் எது உங்களிடம் தங்கியிருக்கிறது என்று கண்டு அதைக் கழகத்திடம் மாற்றுங்கள். மூன்றாம் மாத முடிவில் மாதர் சங்கத்தினரையும் இளைஞர்களையும் தனித்தனியாகக் கேட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்களே முடிவுசெய்யட்டும். நிறுத்துவது என்று முடிவானால் கணக்கை ஒட்டி, பொருட்களைக் கழகத்திடம் கையளித்து, நன்கொடையாளர்களுக்குக் கழகத்தின் பெயரில் கடிதம் எழுதி முறையாக நிறுத்துங்கள். சொல்லாமல் நின்றுபோன திட்டத்துக்குப் பிறகு அதே ஊரில் அடுத்த உத்தியோகத்தருக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

தொடர்வது என்று முடிவானால், உங்களுடைய பதிலாளை இப்போதே ஊருக்கு அறிமுகப்படுத்துங்கள். சாவி, வரவுக் கொப்பி, வங்கிப் புத்தகம் மூன்றும் கழகத்திடம் இருக்கும் நிலையில், இடமாற்றக் கடிதம் வந்த அன்று நீங்கள் பதிலாளிடம் கொடுக்க வேண்டியவை பொறுப்பதிகாரியின் அனுமதிக் கடிதமும், இரண்டாம் படியில் வரைந்த எல்லைத் தாளும், அடுத்த தவணைக்கு மைதானம் கேட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும்தான்.